ஒற்றை இறக்கைச் சாகுபடி

இந்தக் கதையை நான் பன்னிரண்டு வருஷம் நம்பவில்லை. சொன்ன ராசம்மாள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தம்மாவுக்குப் பொய் சொல்லுமளவு ஓய்வு இருந்ததாகத் தெரியவில்லை. என் சந்தேகமெல்லாம் சர்க்கார் மேல்தான். ஒரு சர்க்கார் இவ்வளவு ஒழுங்காக, ஒரு விதி கூடப் பிசகாமல் நடந்துகொள்ளுமா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

தாலுகா ஆபீஸ் வாசலில், வாதுமை மரத்தடியில், டோக்கனுக்குக் காத்திருந்தபோது அவர் சொன்னது. நான் அங்கே போனதற்குக் காரணம் எளிமையானது. என் தகப்பனார் விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் நஞ்சை, ரிக்கார்டில் 'குளம்' என்று இருந்தது. அதை நிலம் என்று திருத்தக் கோரி மனு கொடுக்கப் போயிருந்தேன். ஆகவே என் மனுவுக்கும் இந்தக் கதைக்கும் ஒரே வயது. இரண்டில் எதை முதலில் நம்பாமல் போனேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. கதையை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

சர்க்கார் வரிக்கணக்கில் பசலி 1382. மனிதர்கள் கணக்கில் 1972. ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்று உச்சவரம்புச் சட்டம் இறுகிய காலம். சட்டம் வந்ததும் டெல்டாவின் பண்ணை வீடுகளில் எல்லாம் திடீரென்று குடும்பப் பாசம் பெருகியது. கீழ்வேளூரிலிருந்து நாலு மைலில் நெய்விளாகம். அவ்வூர்ப் பண்ணையார் பஞ்சநதம், மனைவி பிரகதாம்பாள் பேரில் கொஞ்சம் எழுதினார். பதினெட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி பேரில் கொஞ்சம், காசிக்குப் போய்த் திரும்பாத சித்தப்பா பேரில் கொஞ்சம், இனிப் பிறக்கவேண்டிய பேரன் பேரில் கொஞ்சம். எல்லோருக்கும் எழுதியபிறகும் மூன்று ஏக்கர் மிஞ்சியது. அதற்கு உறவு போதவில்லை.

அந்த மூன்று ஏக்கரைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தவள் ராசம்மாள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. புருஷன் இளையபெருமாள், அறுப்புக் கூலியில் அரை மரக்கால் கூட்டிக் கேட்ட ஊர்வலத்தில் முதல் வரிசையில் கொடி பிடித்தவன். ஆகையால் திருச்சி ஜெயிலில் இருந்தான். குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யவேண்டும் என்று இன்னொரு சட்டமும் இருந்தது. ராசம்மாள் கைநாட்டு வைத்து மனு கொடுத்திருந்தாள். பெயர் பதிவாகிவிட்டால் அவளை யாரும் வெளியேற்ற முடியாது. பதிவாகாவிட்டால் அடுத்த சம்பாவுக்கு அந்த வயலில் கால் வைக்க முடியாது. அவளுக்கு விஷயம் இவ்வளவுதான்.

பஞ்சநதத்தின் மாப்பிள்ளை தியாகராசன் சென்னையிலிருந்து வந்திறங்கினார். அவர் போட்டிருந்த பெல்பாட்டத்தின் ஒரு காலில் ஒரு மரக்கால் நெல் கொள்ளும். கிருதா தாடை வரை இறங்கியிருந்தது. அதற்குமுன் டோப்பா வியாபாரம், வண்ணமீன் வளர்ப்பு, வாசனைக் குங்குமம் ஆகியவற்றை அந்தந்த வருஷத்து மோஸ்தர்படி ஆரம்பித்து, அந்தந்த வருஷமே முடித்தவர்.

"மாமா, தொழிற்சாலை நிலத்துக்கு விலக்கு உண்டு. அந்த மூணு ஏக்கர்ல ஒரு தொழிற்சாலை வச்சிடுவோம்."

"என்னத்தை வைக்கிறது? நமக்கு நெல்லு அவிக்கத்தான் தெரியும்."

"சோப்பு?"

"சோப்பு எங்கேன்னு கேட்பானே."

"அதான் மாமா, கேட்டா காட்டற மாதிரி சாமானே கூடாது. ஏரோப்ளேன் வைப்போம். எங்கேன்னு கேட்டா, இப்பத்தான் கிளம்பிப் போச்சுன்னு சொல்லிடலாம்."

பஞ்சநதம் மாப்பிள்ளையை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார்.

பக்கத்தில் பதர் தூற்றிக்கொண்டிருந்த ராசம்மாள் இதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். கூலியாள் எதிரில் பேசும்போது பண்ணையில் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. மாட்டின் எதிரில் தாழ்த்துவார்களா?

அடுத்த வாரமே 'நெய்விளாகம் வானூர்தி வடிவமைப்பு மற்றும் உற்பத்திக் குழு' முறைப்படி அமைக்கப்பட்டது. பஞ்சநதம் தலைவர். நாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் போனதைப் பார்த்திருக்கிறார். தியாகராசன் மீனம்பாக்கத்துக்கு மூன்று தடவை வழியனுப்பப் போனவர். எனவே தொழில்நுட்ப இயக்குநர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் குஞ்சிதபாதம் பெயர்சூட்டும் பொறுப்பு. நாலாவது, நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஆயில் இன்ஜின் மெக்கானிக் அப்துல் ஜலீல். விமானத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று முதல் கூட்டத்திலேயே அவர் ஒப்புக்கொண்டார். அப்படி ஒப்புக்கொண்டவரை முழு உறுப்பினராக வைத்துக்கொள்ள முடியாது என்பதால் கௌரவ உறுப்பினர் ஆனார். வேலை முழுவதும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

முதல் நாலு மாதம் பெயர் வைப்பதில் போயிற்று. முன்னால் சுற்றுவதை ஜலீல் 'விசிறி' என்றார். தலைமையாசிரியர் முகம் சுளித்தார். எல்லோருக்கும் புரிகிற வார்த்தை எப்படிக் கலைச்சொல் ஆகும்? பதினோரு கூட்டங்களுக்குப்பின் அதற்கு 'முன்னுந்து காற்றுக்கடைச் சுழலி' என்று பெயர் தீர்மானமாயிற்று. அதை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவர் தலைமையாசிரியர் ஒருவர்தான். அவருக்கும் மறுநாள் மறந்துவிட்டது.

வரைபடத்துக்குத் தியாகராசன் அரிசி ஆலை ஒன்று கொடுத்த காலண்டரைப் பயன்படுத்தினார். அதில் மேகத்துக்கு நடுவே ஒரு விமானம் பக்கவாட்டில் பறந்துகொண்டிருந்தது. அளவுகோல் வைத்து அங்குலம் பிசகாமல் பெரிதாக்கினார். மூங்கில் கட்ட, கீற்று வேய, சேறு பூச, நாள் கூலிக்கு ராசம்மாளைத்தான் கூப்பிட்டார்கள். தன் வயலில் தானே கூலிக்கு நின்றாள். போகாமலிருந்தால் வயலில் கால் பதியாமல் போய்விடும் என்ற பயம். இடது இறக்கை கட்டி முடிந்தது. அவள் கயிற்றை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, அந்தப் பக்கத்து ரெக்கை?"

"படத்துல இல்லை," என்றார் தியாகராசன்.

"மறுபக்கத்துல இருக்குமோ என்னவோ."

தியாகராசன் காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் ராகுகாலமும் எமகண்டமும் இருந்தன.

"இல்லை," என்றார் உறுதியாக.

ஜலீல் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, விடு. இன்னொரு ரெக்கைன்னா அதுக்கும் பேரு வைக்கணும். இன்னும் நாலு மாசம் ஆயிடும்."

"பறக்குமா பாய்?"

"இது தண்ணி இறைக்கிற இன்ஜின்மா. பறக்கச் சொன்னா அதுக்கே வெக்கமா இருக்கும்."

பயிராய்வுக் காலம் வந்தது. கிராமத்துக் கணக்குப்பிள்ளை இராஜாங்கம் குடையும் அடங்கலுமாக வரப்பில் வந்து நின்றார். எந்த வயலில் என்ன பயிர், யார் சாகுபடி என்று எழுதும் பதிவேடு அடங்கல். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் அதில் ஒரு கலத்தையும், அதாவது ஒரு கட்டத்தையும், காலியாக விட்டதில்லை. அவரைப் பொறுத்தவரை உலகம் என்பது அடங்கலில் உள்ள கலங்கள். அதற்குள் அடங்காதது எதுவும் இன்னும் உண்டாகவில்லை.

"பயிர் என்ன?"

"பயிர் இல்லைங்க, ஏரோப்ளேன்," என்றார் தியாகராசன்.

இராஜாங்கம் எழுதினார். பயிர்: ஆகாய விமானம். "எத்தனை போகம்?"

"ஒண்ணு செஞ்சா பத்தாதா?"

"ஒருபோகம். பாசனம்?"

"இதுக்கு எதுக்குங்க தண்ணி?"

"காலியா விட முடியாது தம்பி. தண்ணி படுறதே இல்லையா?"

"இன்ஜின் சூடானா ஊத்துவோம்," என்றார் ஜலீல்.

"எங்கேருந்து எடுப்பீங்க?"

"இந்த வாய்க்கால்லேருந்துதான்."

"அப்ப வாய்க்கால் பாசனம். நஞ்சை." இராஜாங்கத்தின் முகம் தெளிந்தது. "மகசூல், மூணு ஏக்கருக்கு ஒண்ணு. ஏக்கருக்கு மூணில் ஒரு விமானம். சாகுபடிதாரர்?"

இங்கேதான் சிக்கல் வந்தது. பஞ்சநதம் பெயரை எழுதினால் உச்சவரம்பு மிஞ்சும். தியாகராசன் வெளியூர். குழுவை இன்னும் பதிவு செய்யவில்லை. தலைமையாசிரியர் அதன் பெயரை இன்னும் திருத்திக்கொண்டிருந்தார். இராஜாங்கம் கொஞ்ச நேரம் பேனாவை மேலே பிடித்திருந்தார். பிறகு சில வருஷமாக அந்தக் கலத்தில் எழுதிவந்ததையே எழுதினார். 'மேற்படி.'

பஞ்சநதம் எட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். மேற்படி என்பது ஆள் இல்லையே, அதனால் என்ன வந்துவிடும்?

அவர்கள் போனபின் ராசம்மாள் கணக்குப்பிள்ளையை மறித்தாள்.

"ஐயா, எம்பேரு அதுல இருக்கா?"

"மேற்படின்னு இருக்கு."

"மேற்படின்னா யாருங்க?"

"மேலே யாரு இருக்காங்களோ, அவங்க."

"மேலே யாரு?"

"மேலேயும் மேற்படிதான்."

"அதுக்கும் மேலே?"

இராஜாங்கத்துக்குச் சலிப்பாக இருந்தாலும், தன் பதிவேட்டை ஒருவர் இவ்வளவு அக்கறையாக விசாரிப்பது பிடித்திருந்தது. போன வருஷத்து ஏடு, அதற்கு முந்திய வருஷத்து ஏடு என்று பின்னோக்கிப் புரட்டினார். ஆறாவது வருஷத்தில் ஒரு பெயர் வந்தது. "இளையபெருமாள் மனைவி ராசம்மாள்," என்று படித்தார். அவள் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சோதனை ஓட்டம் தை மாதத்தில் நடந்தது. தாசில்தார் வந்திருந்தார். நல்ல மனிதர். எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். படித்துப் பார்த்துவிட்டும் போடமாட்டார். விமானத்துக்கு நேர் பின்னால் பந்தல், மேஜை, அதன் மேல் அன்றைக்கு விசாரிக்கவேண்டிய கட்டுகள். ராசம்மாளின் மனுவும் அதில் இருந்தது. விமானம் முடிந்ததும் உன்னுடையதைப் பார்க்கலாம் என்று தாசில்தாரே சொல்லியிருந்தார்.

ஜலீல் இன்ஜினைச் சுற்றிவிட்டார். 'முன்னுந்து காற்றுக்கடைச் சுழலி' சுழன்றது. விமானம் நகரவில்லை. பந்தல் கூரையில் இருந்த கீற்றுகள் முதலில் எழுந்தன. பிறகு பிரகதாம்பாள் கொண்டுவந்த ஆரத்தித் தட்டின் வெற்றிலை. பிறகு தாசில்தாரின் மேஜையில் இருந்த காகிதங்கள் கூட்டமாகக் கிளம்பி, வேலியைத் தாண்டி, வாய்க்காலில் இறங்கி, வெட்டாற்றுப் பக்கம் போயின. ராசம்மாள் புடவையை வரிந்துகொண்டு வாய்க்காலில் குதித்தாள். இடுப்புத் தண்ணீரில் நாலு காகிதம் பிடித்தாள். நாலும் வேறு யாருடையதோ.

தாசில்தார் உண்மைக்கு மாறாக எழுதுகிறவர் அல்லர். 'சோதனையின்போது பறத்தல் நிகழ்ந்தது' என்று அறிக்கை எழுதினார். எது பறந்தது என்ற கலம் அந்தப் படிவத்தில் இல்லை.

பறத்தல் சர்க்கார் அறிக்கையில் ஏறியதும் பஞ்சநதத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. ராசம்மாள் இனி வயலுக்குள் வரக்கூடாது என்று ஆளை விட்டுச் சொன்னார். அவள் தாலுகா ஆபீஸுக்கு நடந்தாள். மனு எங்கே என்று கேட்டார்கள். பறந்துவிட்டது என்றாள். அதற்கு ஆதாரம் சர்க்கார் அறிக்கையிலேயே இருந்ததால் மறுக்க முடியவில்லை. விசாரணை வைத்தார்கள்.

"இந்தப் பொம்பளை சாகுபடிதாரரே இல்லீங்க," என்றார் பஞ்சநதம். "அங்கே பயிரே கிடையாது."

தாசில்தார் அடங்கலைத் திறந்தார். "பயிர் இல்லையா? இங்கே ஆகாய விமானம்னு இருக்கே."

"அது விமானம்தானுங்களே, பயிர் எப்படி ஆகும்?"

"பயிர்க் கலத்துல இருக்கு. இது சர்க்கார் பதிவேடு. பதிவேடு தப்புங்கிறீங்களா?"

"ஐயையோ, இல்லீங்க."

"பதிவேடு தப்புன்னா விமானமும் இல்லை. விமானம் இல்லைன்னா விலக்கும் இல்லை. மூணு ஏக்கரும் மிகை நிலமாயிடும். பதிவேடு சரின்னா அது பயிர். பயிர்னா சாகுபடிதாரர் உண்டு. சாகுபடிதாரர் மேற்படி." அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். "மேற்படி யாரு?"

இராஜாங்கம் ஆறு ஏட்டையும் புரட்டிக் காட்டினார். அவருக்கு அது தன் சர்வீஸின் மிக உயர்ந்த நாள். ஒரு கலமாவது காலியாக இருந்திருந்தால் ராசம்மாள் தெருவில் நின்றிருப்பாள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பஞ்சநதம் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். தியாகராசன் தன் பெல்பாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்தரவு இப்படி முடிந்தது: இளையபெருமாள் மனைவி ராசம்மாள், மேற்படி நிலத்தில் ஆகாய விமானம் பயிரிடும் குத்தகைச் சாகுபடிதாரர். மேற்படி பயிரை இடைவிடாது சாகுபடி செய்யும்வரை அவரை வெளியேற்றலாகாது. விளைச்சலில் சட்டப்படி நூற்றுக்கு அறுபது சாகுபடிதாரருக்கு, நாற்பது நில உடைமையாளருக்கு.

விளைச்சலைப் பிரிக்கும் வேலையும் ஜலீல் தலையில் விழுந்தது. நூல் பிடித்து அளந்து, நாற்பது பங்கில் குறி போட்டு, அரம்பத்தால் அறுத்தார்.

"முதலாளி, உங்களுக்கு வால். தங்கச்சி, ரெக்கை உனக்கு."

அந்த வருஷக் கடைசியில் இளையபெருமாள் விடுதலையாகி வந்தான்.

"நடவு எந்த மட்டுல இருக்கு?"

"நடவெல்லாம் கிடையாது. நாம இப்ப ஏரோப்ளேன் போடறோம்."

அவன் திண்ணமாக அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து, வயலைப் போய்ப் பார்த்துவிட்டு, இது சர்க்காருக்குப் பிசகியது என்று தெளிந்து திரும்பினான்.

"விமானத்தைத் தின்ன முடியுமாடி?"

"விமானம் ஒரு மூலையில நிக்கட்டும். மிச்சத்துல நெல்லைப் போடு."

அப்படியே செய்தார்கள். பயிராய்வுக்கு வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இடுப்பளவு கதிரைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்னம்மா இது? உத்தரவுப்படி விமானம்தானே இருக்கணும்?"

"விமானம் அதோ இருக்குங்க."

"அப்ப இது?"

"களைங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்து ஒரு கதிரை உருவிப் பார்த்தார். மணி பால் பிடித்திருந்தது. "ம். களை நல்லா வந்திருக்கு," என்று எழுதிக்கொண்டார். "அடுத்த தடவை எடுத்துடுங்க."

"தை பிறந்ததும் எடுத்துடறோமுங்க."

களைக்குக் குத்தகை கிடையாது. வருஷா வருஷம் வாலைப் புதிதாகக் கட்டி, அதை மட்டும் அறுத்துப் பண்ணைக்கு அனுப்பினாள். பஞ்சநதம் ரசீது கொடுத்து வாங்கிக்கொண்டார். வாங்க மறுத்தால் விமானம் இல்லை என்று ஆகிவிடும். மாட்டுக்கொட்டிலில் மாடு போய் வால்கள் நின்றன. ஆனால் ராசம்மாள் சிரித்துக்கொண்டே இருக்கவில்லை. களையைச் சர்க்கார் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். களைக்கு விதைக்கடன் கிடையாது. ஒரு புயலில் மூன்று ஏக்கரும் மூழ்கிக் கதிர் முளைத்துப்போனபோது, சேதம் பார்க்க வந்தவர்கள், களை அழிந்ததற்காக அவளைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்த வருஷம் அவள் பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தன. மிச்ச வருஷங்களில் வியாபாரி களை விலைக்கு நெல் எடுத்தான்.

இதைப் பார்த்துப் பண்ணைகள் விலக்குக்காகவும், குத்தகைக்காரர்கள் உரிமைக்காகவும் விமானத்துக்கு மாறினார்கள். ஊரில் நாற்பத்தொரு விமானம். வேளாங்கண்ணிக்குப் போகும் பஸ்ஸில் இருந்தவர்கள் ஏதோ திருவிழா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரும் வலது இறக்கை வைக்கவில்லை. ராசம்மாளுடையதற்கு உத்தரவு கிடைத்திருக்கிறது, அதில் வலது இறக்கை இல்லை, வம்பு எதற்கு? விமானச் சாகுபடி விரிவாக்க அலுவலர் என்று ஒருவரைப் போட்டார்கள். அவர் விமானத்துக்கு விமானம் இருபது அடி இடைவெளியும் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவும் சிபாரிசு செய்தார். கணக்குப்படி நெய்விளாகத்தில் ஒரு மணி நெல் விளையவில்லை. அதனால் அரிசி விளையாத ஊர் என்று அறிவித்து, ரேஷன் கடைக்குக் கூடுதல் அரிசி அனுப்பினார்கள். வியாபாரி ஊரில் வாங்கிப்போன களைதான் அது. மூட்டையின் முடிச்சைப் பார்த்தே ராசம்மாள் கண்டுபிடித்தாளாம். இளையபெருமாள் அரை மரக்கால் கேட்டு மறுபடி ஊர்வலம் போனான். என்ன கூலி, எந்தப் பயிருக்கு என்று கேட்டபோது அவன் சங்கத்துக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இவ்வளவுதான் அவர் சொன்னது. இத்தனை வருஷம் கழித்து, சென்ற மார்கழியில், கீழ்வேளூரில் பஸ் இறங்கி நெய்விளாகத்துக்கு நடந்தேன். ஒன்று இதில் எங்கே பொய் இருந்தாலும் அதைக் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும். அல்லது இத்தனை பேர் இத்தனை காலம் இதற்கு ஏன் உடன்பட்டீர்கள் என்று அவரை நேருக்கு நேர் கேட்கவேண்டும். வழியெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் மனதுக்குள் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

விமானம் இருந்தது. மூங்கிலும் உரச்சாக்குமாக, இடது இறக்கையை வயல் மேல் நீட்டிக்கொண்டு. அதன் அடியில் கதிர் தலை சாய்ந்திருந்தது. ராசம்மாள் அரிவாளும் கையுமாக வரப்பில் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க, வாங்க. உங்க குளம் என்ன ஆச்சு?"

"குளமாத்தாம்மா இருக்கு. மீன் பாசி ஏலம்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. ஏலம் எடுத்தவன் சம்பாவுக்குள்ள வலையோட இறங்கப்போறான்."

அவர் சிரிக்கவில்லை. நான் இறக்கையைப் பார்த்தேன். கட்டு எங்கே எங்கே போட்டிருக்கிறது என்று பார்த்தேன். வழியெல்லாம் திருத்தி வைத்திருந்த கேள்வி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கடைசியில் கேட்டேன்:

"ஏம்மா, என் ஒன்றரை ஏக்கருக்கு ஒத்தை ரெக்கையே போதுமா? இல்லை, குளம்னு இருக்கறதால ரெண்டும் வச்சுக் கட்டணுமா?"